காலி இடத்தில் ஒரு சீட்டு

திங்கட்கிழமை காலை பாய்லர் அறையின் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ராமலிங்கம் அண்ணனின் மைத்துனர் சமயநல்லூரிலிருந்து சைக்கிளில் வந்து நின்றார். "அண்ணே, மச்சான் விடியக்காலைல போயிட்டாரு" என்றார். "சரி" என்றேன். பிறகும் படத்தைத்தான் தேடினேன். கிடைத்ததும், அது இருந்த இடத்தில் என் பெயரெழுதிய சீட்டை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அழுகை அப்போது வரவில்லை. இன்னும் வரவில்லை.

எங்கள் மில்லின் டிராயிங் ஆபீசில் அவரோடு இருந்தவர்களுக்கு அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படங்களுக்கு எண் போட்டு இழுப்பறைகளில் அடுக்குவது அவர் வேலை. யார் படத்தை எடுத்தாலும், படத்தின் எண்ணும் எடுத்தவர் பெயரும் காரணமும் எழுதிய சீட்டை அந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை மில்லின் வெள்ளைக்காரத் துரை ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு நடக்க, இவர் பேனாவும் சீட்டுமாகப் பின்னாலேயே மாடிப்படி இறங்கினார். துரை படியில் நின்றே எழுதிக் கொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

யுத்தத்தின்போது துணிக்குப் பெரும் தட்டுப்பாடு. எங்கள் படங்களோ கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில் வரைந்தவை. வெந்நீரில் அலசினால் நல்ல வெள்ளைத் துணி. ரத்தான படங்களை ஆளாளுக்குக் கேட்டார்கள். "ரத்தானாலும் அதுக்கு நம்பர் இருக்குல்ல" என்று அண்ணன் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று பேர் வாங்கினார்.

என் மகள் ஐப்பசி மழையில் பிறந்தாள். சுற்றி வைக்க வீட்டில் காய்ந்த துணியில்லை. சளி கட்டி, பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. நான் அவரிடம் கேட்கவில்லை. அவரே ரத்தான படங்களில் சிலவற்றைச் சுருட்டி நீட்டினார்.

"வெந்நீர்ல ஊறப்போடு மாப்ள, கஞ்சி போயிரும். சீட்டு எழுதிட்டுப் போ."

"சீட்டா? மாட்டிக்கிருவோம்ணே."

"எழுதலைன்னா அந்த இடம் காலியால்லடா கெடக்கும்?"

காரணம் என்ற இடத்தில் 'பிள்ளைக்கு' என்று எழுதினேன். சீட்டைப் பிடுங்கி, எடுத்தவர் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

தணிக்கையில் அந்தச் சீட்டு அகப்பட்டது. மில் சொத்தை வெளியே கொடுத்தார் என்று, அவருக்கு வரவேண்டிய தலைமை இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல எழுந்தேன். அண்ணன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "பிள்ளை நல்லா இருக்குல்ல? அம்புட்டுத்தான். வேலையப் பாரு."

மகள் இப்போது ஓடியாடித் திரிகிறாள். அந்தத் துணியில் தைத்த சின்னச் சட்டை எங்கள் பெட்டியில் இருக்கிறது. எத்தனை அலசியும் போகாமல், ஓரத்தில் அவர் போட்ட எண் மங்கலாகத் தெரிகிறது. அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.

காரியம் முடிந்து நேற்று ஆபீசுக்குப் போனேன். அவர் நாற்காலி காலி. கை தானாகவே ஒரு சீட்டை எடுத்தது. படத்தின் எண் எழுதும் இடத்தில் அவர் பெயரை எழுதினேன். எடுத்தவர் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.