பன்னிரண்டாவது புள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட ஏற்றிச் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தேதி, நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. 2025 நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, சுடுகாடு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் 2:52. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். பக்கத்து ஷெட்டில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் வயிறு நிறைய எலுமிச்சை சாதம் தின்றிருந்தேன்.

என் பெயர் அனுஷா. அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் வேலை, வீடும் அங்கேதான். நான் மேடை வடிவமைப்பு படிக்கிறேன். கடைசி வருடத்தில் எட்டு வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்து சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். பெரிய இடங்கள் எதுவும் என்னைச் சீண்டவில்லை. கிடைத்தது பீன்யாவில் ஒரு சின்ன நாடகக் குழு. லாபம் பார்க்காத டிரஸ்ட். மொத்தமே ஒன்பது பேர். தினமும் மெட்ரோ மாறி ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவேன்.

இடம் ஒரு பழைய தொழிற்சாலை ஷெட். ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்புப் பெயின்ட். உள்ளே வந்து கதவைச் சாத்தினால் பகலா ராத்திரியா என்று தெரியாது. பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் மிஷின். நாள் முழுக்க டம்... டம்... என்று அடித்துக்கொண்டே இருக்கும். முதல் வாரம் தலைவலி வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அந்தக் குழுவில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தின பலகை, கட்டை, படிக்கட்டு எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி அடுத்த நாடகத்துக்குப் பூட்டுவார்கள். அந்த மாதம் போடவிருந்த நாடகத்துக்கும் அப்படித்தான். பாதி இடிந்த ஒரு வீடு. ஒன்பதடி உயரத்தில் மாடி. ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு நீளமான பலகைப் பாதை. பாதை முடிகிற இடத்தில் கைப்பிடி இல்லை. வீடு இடிந்திருக்கிறதே, அதனால்.

இரண்டாம் காட்சி முடிவில் எல்லா விளக்கும் அணையும். அப்போது நடிகை ரூபினி மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினோரு அடி வைத்துப் போய், விளிம்பில் நிற்க வேண்டும். நின்றதும் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். கும்மிருட்டில் அவளுக்கு வழி காட்டுவது பலகையில் ஒட்டிய டேப் துண்டுகள் மட்டும். பச்சை நிறம், கட்டைவிரல் நகம் அளவு. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் மினுங்கும். ஒரு அடிக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி பிசகினால் ஒன்பதடிக்குக் கீழே சிமென்ட் தரை.

அந்தப் புள்ளிகளை ஒட்டுகிற வேலை என்னுடையது.

வடிவமைப்புக்குப் பொறுப்பு லாவண்யா அக்கா. நாற்பது வயதுகூட இருக்காது, தலை பாதி நரைத்திருக்கும். முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார்.

"டேப் ஒட்டினவங்கதான் மொதல்ல நடக்கணும். மூணு தடவை. ஃபுல் பிளாக்அவுட்ல. அப்புறம்தான் ஆர்ட்டிஸ்ட்."

நடந்து முடித்து, அதற்கென்றே ஆணியில் தொங்கும் நோட்டில் பெயர், நேரம், கையெழுத்துப் போட வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டேன். நோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். ரொம்பத்தான் அலட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் 1:20க்கு ஒட்டி முடித்தேன். பதினோரு துண்டு. முட்டி போட்டு, அளவு நாடா வைத்து, ஒழுங்காகத்தான் ஒட்டினேன். ஆனால் நடக்கவில்லை. எனக்கு உயரம் ஆகாது. அதோடு பசி. நோட்டை எடுத்தேன். 'அனுஷா, 1:45, மூன்று முறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை கூசவே இல்லை. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நோட்டை மாட்டிவிட்டுத் திரும்பினேன். மேடை ஓரத்துக் கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நடந்தியா?"

ரூபினிதான் என்று நினைத்தேன். அந்தத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் முணுமுணுப்பது அவள் பழக்கம். திரை தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியிருக்கும். கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. மெட்டி இல்லை. ரூபினி கெட்டியான வெள்ளி மெட்டி போட்டிருப்பாள். ஒத்திகையில் டக்டக் என்று சத்தம் வருகிறது என்று திட்டுக்கூட வாங்கியிருக்கிறாள். சரி, வேஷத்துக்காகக் கழற்றிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நடந்தேன். மூணு வாட்டி" என்றேன்.

கால்கள் அசையவில்லை.

"என்னை நம்பி நட. ஒண்ணும் ஆகாது" என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

கால்கள் மெல்லத் திரும்பிப் போயின. அந்த இடத்துப் பலகையை யார் மிதித்தாலும் கிறீச்சிடும். அன்று கிறீச்சிடவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. 'என்னை நம்பி நட' என்று சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. ரூபினிக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை இருக்கிறது. 3:30க்கு அவள் இருட்டில் நடக்கப் போகிறாள். நான் சொன்ன ஒரே ஒரு பொய்யை நம்பி.

போய் நடந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். லாவண்யா அக்காவும் மற்றவர்களும் வேஷத் துணியைக் கடையில் மாற்றிவரச் சிக்பேட்டை போயிருந்தார்கள். சாப்பிடப் போயிருந்த எலக்ட்ரீஷியன் முனியப்பன் அண்ணன் மட்டும் திரும்பி வந்திருந்தார். மெயின் போர்டு வெளியே தனி அறையில். மாடிப் பலகையின் ஆரம்பத்தில் நின்றுகொண்டு அவருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன்.

"நடந்தாச்சுன்னு எழுதியிருக்கியேம்மா. மறுபடி எதுக்கு?"

"சும்மா ஒரு செக்கிங்ணா."

"மூணு நிமிஷம். அப்புறம் நானே போட்டுடுவேன்."

போனைப் பையில் போட்டேன். போடுவதற்கு முன் மணி பார்த்தேன். 2:52.

விளக்கு அணைந்தது. ஏசியும் நின்றது.

அந்த இருட்டை எப்படிச் சொல்வது? கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத்து ஷெட்டில் மட்டும் டம்... டம்... கால் முன்னால் பச்சைப் புள்ளிகள் வரிசையாக மினுங்கின. அழகாகத்தான் இருந்தது. எண்ணினேன்.

பன்னிரண்டு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. ஒட்டியது பதினொன்று. எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு துண்டு வெட்டி விரல் நுனிகளில் ஒட்டிக்கொண்டு போனேன், ஒன்றுக்கு விரல் போதாமல் மணிக்கட்டில் ஒட்டியிருந்தேன்.

பயத்தில் பார்வை தடுமாறுகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

பதினொன்று.

பெருவிரலுக்குப் பலகையின் விளிம்பு தட்டுப்பட்டது. அதற்கு மேல் பலகை இல்லை. ஆனால் ஒரு அடி தள்ளி, நேர் எதிரே, அந்தரத்தில்... பன்னிரண்டாவது புள்ளி. அதே அளவு. அதே இடைவெளி. எண்ணாமல், புள்ளியை மட்டும் நம்பி நடந்திருந்தால் அதன்மேல் கால் வைத்திருப்பேன்.

மெல்லத் திரும்பினேன். விளிம்பு இப்போது என் முதுகுக்குப் பின்னால். நடந்து வந்த பத்துப் புள்ளிகளும் எனக்கு எதிரே தெரிந்தன.

அப்போதுதான் கவனித்தேன். பிரஸ் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

தூரத்தில் இருந்த முதல் புள்ளி அணைந்தது.

பிறகு எரிந்தது.

இரண்டாவது அணைந்தது. எரிந்தது.

மூன்றாவது...

புள்ளி அணையவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அதன்மேல் ஒரு கால் விழுகிறது. எடுக்கிறது. அடுத்ததன்மேல் விழுகிறது.

யாரோ நடந்து வருகிறார்கள்.

சப்... பெயின்ட் பலகையில் வெறுங்கால் ஒட்டி எடுக்கிற சத்தம். சப்...

நான்கு. ஐந்து.

"அண்ணா..." என்று கூப்பிட்டேன்.

ஆறு. ஏழு.

பின்னால் போக இடமில்லை.

எட்டு.

ஒன்பது.

பத்தாவது புள்ளி அணைந்தது.

எரியவில்லை.

எனக்கு எதிரே ஒரு அடி தூரத்தில் அது நிற்கிறது. மூச்சுச் சத்தம் என்னுடையது மட்டும்தான்.

என் மார்பில் ஒரு உள்ளங்கை பட்டது.

ஈரமில்லை. குளிரில்லை. சாதாரணமான ஒரு பெண்ணின் கை. தள்ளவில்லை. தள்ளலாமா என்று யோசிப்பதுபோல் அப்படியே வைத்திருந்தது.

"நடந்தியா?"

அதே குரல்.

கை கொஞ்சம் அழுத்தியது. என் குதிகால் விளிம்பைத் தாண்டியது.

"இல்ல..." என்றேன். "நடக்கல... பொய் சொன்னேன்..."

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கை விலகியது.

பத்தாவது புள்ளி எரிந்தது. ஒன்பதாவது அணைந்து எரிந்தது. எட்டு. ஏழு. திரும்பிப் போனது. முதல் புள்ளியும் எரிந்த பிறகு விளக்குகள் வந்தன. பிரஸ் சத்தம் மறுபடி கேட்டது. டம்... டம்...

மாடியில் யாரும் இல்லை. பலகையில் பதினோரு துண்டு டேப். போனைப் பார்த்தேன். 2:55.

குழந்தைபோலத் தவழ்ந்து படிக்கட்டுக்கு வந்து இறங்கினேன். விளிம்புக்கு நேர் கீழே சிமென்ட் தரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை. முனியப்பன் அண்ணனிடம் பிரஸ் மிஷின் நடுவில் நின்றதா என்று கேட்டேன். காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்றார்.

3:25க்கு ரூபினி வந்தாள். கையில் ஹெல்மெட். காலில் மெட்டி, டக்டக் என்று.

"மதியம் நீ கேட்டப்போ..." என்று ஆரம்பித்தேன். எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்ற நப்பாசை.

"எப்போ கேட்டேன்? பாப்பாவ அம்மா வீட்ல விட்டுட்டு இப்பதான்பா வரேன்."

பின்னாலேயே துணி மூட்டையோடு லாவண்யா அக்கா வந்தார். சர்டிபிகேட் போனால் போகட்டும் என்று இரண்டு பேர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். நடக்காமலே கையெழுத்துப் போட்டது, பொய் சொன்னது, குரல், புள்ளிகள், கை எல்லாம். ரூபினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அக்கா திட்டவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். விளக்கை அணைக்கச் சொல்லி மூன்று முறை என்னோடு நடந்தார். மூன்று முறையும் பதினோரு புள்ளிகள்தான். பிறகு ரூபினி நடந்தாள். அதன் பிறகு ஆறு காட்சிகள் போட்டோம். எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தன.

கடைசி நாள் மேடையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். லாவண்யா அக்கா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து என் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன்.

பதிமூன்று வருடத்துக்கு முன் அவரும் இதே குழுவில் இன்டர்ன். நாடகம் வேறு, ஆனால் இதே மாடி, இதே பலகை. தீபிகா என்று ஒரு நடிகை. டேப் ஒட்டியது லாவண்யா அக்கா. ஏணி வைக்க அடையாளத்துக்காகக் கீழே சிமென்ட் தரையிலும் ஒரு துண்டு ஒட்டியிருந்தார். இருட்டில் மேலே இருந்து பார்த்தால் அது அடுத்த புள்ளி மாதிரியே தெரியும். ஒரே ஒரு தடவை நடந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். தீபிகா திரைக்குப் பின்னால் நின்று, நடந்தியா என்று கேட்டிருக்கிறாள். அக்கா, நடந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் நம்பிப் பன்னிரண்டு அடி வைத்தாள்.

அதற்குப் பிறகு எழுதிய சட்டம்தான் அந்த நோட்டு.

அக்கா பேனாவை மூடினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"மெட்டி இல்லல்ல, கால்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலைப் பற்றிச் சொன்னேன், கையைப் பற்றிச் சொன்னேன். மெட்டியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"அடுத்த மாசம் கல்யாணம் வெச்சிருந்தாங்க அவளுக்கு" என்றார்.

அழுகை வந்தது எனக்கு. அக்காவுக்கு வரவில்லை. நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதும் அவள் போய்விட்டாள், உங்களிடம் வந்தால் நீங்களும் நடக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன்.

லாவண்யா அக்கா சர்டிபிகேட்டை என்னிடம் நீட்டினார். அவர் கண் மேடை ஓரத்துத் திரையின் கீழேயே இருந்தது.

"தினமும்தான் சொல்றேன்" என்றார்.