ஏச்சு கேட்காத நாள்

என் வீட்டுக்காரரின் குரல் ஆரியசாலைத் தெரு முழுக்கக் கேட்கும். மொத்த வியாபார மிளகாய்க் கடை எங்களுடையது. மூட்டை இறக்கும் சங்கத்து ஆட்களிடம் ஊரே பயந்து பேசும். இவர் அவர்களையும் ஏசுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே இறக்குவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய இதயத் துடிப்பு தாளம் தப்பியது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, நெஞ்சில் மின்சாரம் வைத்து நேராக்கினார்கள். "மறுபடி வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார். இதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி வந்து, கவனிக்காமல் விட்டால் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடலாமாம். இவருக்கோ துடிப்பு தப்பினாலும் தெரியாது. முதல் தடவையே வேறு எதற்கோ காட்டப் போன இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்தின இரண்டு வாரமும் மனுஷன் யாரையும் ஏசவே இல்லை! பக்குவம் வந்துவிட்டது என்று பூரித்துப்போய் நான் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய்கூட உடைத்திருந்தேன்.

அவர் ஏசாத நாளில் எனக்குப் போன் செய்யச் சொல்லி மூட்டைக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் போன் வந்தது. மூட்டைக்காரர்களில் மூத்தவர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக.

"அக்கா, சாக்கு பொட்டிக் கிழிஞ்சு மொளகா மொத்தம் ரோட்டுல. அண்ணாச்சி ஒண்ணும் பறயல. சாரமில்ல, போனா போட்டும்னு சொல்லிட்டு இருக்காரு."

ஆட்டோவில் பறந்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றதும் மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொல்லி விரட்டினேன்.

இ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. "திரும்ப வந்திருக்கு. நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க" என்றார். மறுபடி மயக்கம், மறுபடி மின்சாரம்.

நான் கதவுக்கு வெளியே நின்று, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கேட்டது:

"ஏட்டி! சாவிக்கொத்த எவன்கிட்ட குடுத்துட்டு வந்த? கட தொறந்தா கெடக்கு? கூறுகெட்டவளே!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டாக்டர் புதுத் தாளோடு வெளியே வருவதற்குள் நான் ஓடிப்போய், ஒரு ரூபாய்ப் போனில் காசு போட்டு, "ஏசிட்டாரு!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் மூட்டைக்காரர்கள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது.