வடக்கனந்தல் வெள்ளைச் சட்டை

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எங்கள் பிழைப்பு, பந்தியில் இலை மட்டும் போடுகிற பிழைப்பு. சோறு எங்கள் கையில் இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆளைப் பார்த்ததும்

கள்ளக்குறிச்சியில் எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம். வேலை கிடைக்காதவர்களுக்கான உதவித்தொகை கேட்டு வருகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டோம், சட்டையைப் பார்ப்போம். அழுக்குச் சட்டை என்றால் சோம்பேறி. தேய்த்த சட்டை என்றால் வசதி. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. இதில் பக்கத்து மேஜை தண்டபாணி கைதேர்ந்தவர்.

வடக்கனந்தல் வேலு வந்தான். பத்தாவது பாஸ். பதிந்து பல வருஷம் ஆகிறது, ஒரு இன்டர்வியூ கார்டு வந்ததில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை. போதாதா? தண்டபாணி என் காதில் சொன்னார்: “மடிப்பு கூடக் கலையல. இவனுக்கு உதவித்தொகை ஒரு கேடா?”

அதே கறை

அடுத்த வாரம் அதே ஊரிலிருந்து வேறொருத்தன். அதே சட்டை. பாக்கெட்டில் அதே மைக்கறை. அதற்கடுத்து இன்னொருத்தன், அதே கறை.

“இன்னாய்யா, ஊருக்கே யூனிபார்மா?” என்றேன்.

அவன் கூச்சப்படவில்லை. “வேலுவோடதுங்க. ஆபீசுக்கு வர்றவன் போட்டுக்கினு வருவோம், தொவைச்சித் தேச்சித் திருப்பிக் குடுத்துடணும். கறை எங்களுது இல்லீங்க, உங்க ஆபீஸ் பேனா கக்கனதுங்க.”

மறியல் நாள்

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. வேலு பதிவைப் புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். தவறினால் அத்தனை வருஷ சீனியாரிட்டியும் போச்சு, வரிசையில் கடைசி ஆள்.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்தப் போனேன். வாசலில் வேலு. முழங்கால்வரை சேறு, வெற்று உடம்பு. கரும்புக் கொல்லை வழியாக நடந்தே வந்திருக்கிறான். தலையிலிருந்த பையை இறக்கி, வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, அப்புறம்தான் ஜன்னலுக்கு வந்தான்.

“கார்டை நீட்டுய்யா முதல்ல! சட்டைக்கா சீல் குத்தப் போறேன்?” என்று கத்தினேன். நீட்டினான். குத்தினேன். சீனியாரிட்டி பிழைத்தது.

தண்டபாணி விடவில்லை. “மறியல்லகூட மடிப்பப் பாரேன்!”

வேலு கார்டைப் பத்திரமாக மடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினான். “அழுக்கா வந்தா சோம்பேறின்றீங்க. சுத்தமா வந்தா வசதின்றீங்க. நான் இன்னாத்த சார் போட்டுக்கினு வர்றது?”

நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அந்தக் கேள்விக்கு அரசாணை எதுவும் வரவில்லை.