யாருமே வீட்டுக்குப் போகாத பட்டறை

கல்யாணத் தரகரைக்கூட நம்பி உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். ஆள் வருகை, லீவு, செலவு பார்க்கும் சாஃப்ட்வேர் பொருத்த வந்தவளை மட்டும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். சூரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கியதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். சூப்பர்வைசர் முத்துசாமி ஆட்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு முழுச் சம்பளம் எழுதுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். “உங்க மிஷினு ஆமான்னு சொல்லட்டும் அம்மிணி, அன்னைக்கே அவன ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்.”

கண்ணை மூடிய வெல்டர்

முகம் பார்த்து வருகை பதியும் மிஷின் அது. வெல்டர் ஒருவர் கிட்டவே வரவில்லை. அவருடைய மச்சான் படத்தை வைத்து எவனோ செல்போனில் லோன் எடுத்துவிட்டானாம். லோனுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை என்று சத்தியம் செய்தேன். என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மனசில்லாமல் முன்னால் வந்து நின்றார். “மொகத்தக் காட்டறனுங்க. ஆனா கண்ண மூடிக்கறேன், பரவால்லீங்களா?”

பூசணிக்காய்க்கு ரசீது

செலவு எழுதினால் ரசீதைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். பாடி கட்டி முடித்த லாரியை வெளியே எடுக்கும்போது பூசணிக்காய் சுற்றி உடைப்பது பட்டறை வழக்கம். சந்தையில் பூசணிக்காய் விற்கிற அம்மா ரசீதுக்கு எங்கே போவார்? முத்துசாமி யோசித்துப் பார்த்துவிட்டு, ரோட்டில் சிதறிக் கிடந்த பூசணிக்காயையே படம் பிடித்து ஏற்றிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளிக்கு வரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது நம்ம வண்டிக்கு ஒடச்சதுதான்னு என்ன அத்தாட்சி? பக்கத்துப் பட்டறைல ஒடச்சதப் புடிச்சிருந்தான்னா?”

‘வெளியேறு’

மிஷினில் இரண்டு பொத்தான்கள்: காலையில் ‘உள்நுழை’, மாலையில் ‘வெளியேறு’. இரண்டாவதைப் படித்ததும் ஆட்களின் முகம் கறுத்தது. வேலையை விட்டுத் துரத்தத்தான் இந்த ஏற்பாடு என்று பேசிக்கொண்டார்கள். குறி தனக்குத்தான் என்று முத்துசாமிக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொற்களை ஊர்ப் பேச்சுக்கு மாற்றச் சொன்னவர் முதலாளியேதான். “வாரேன், போறேன்னு போட்டு உடுங்க. அதுல என்ன சூது இருக்கப்போவுது?”

வாரேன், போறேன்

சனிக்கிழமை அறிக்கையை எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. அந்த வாரம் முழுக்க ஒருவரும் பட்டறையை விட்டுப் போகவே இல்லை, இரவு பகலாக வேலை பார்த்திருக்கிறார்கள் என்றது. முதலாளி முத்துசாமியைக் கூப்பிட்டுக் கத்தினார். “ஓவர்டைம் காசு கறக்க எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தயா? இன்னையோட உன் சோலி முடிஞ்சுது.” முத்துசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

வரி வரியாகப் பார்த்தேன். காலையிலும் ‘வாரேன்’, மாலையிலும் ‘வாரேன்’. ‘போறேன்’ பொத்தானை ஒரு ஆள்கூடத் தொடவில்லை. மிஷினுக்குப் பூஜை போட்ட அன்று முதல் ஆளாக முகம் பதிந்தவர் முதலாளி. அவர் பெயருக்கு நேரேயும் அதே கதைதான். திரையை அவர் பக்கம் திருப்பினேன். “ஐயா, நீங்களும் திங்கக்கிழமையிலிருந்து வீட்டுக்கே போகலைங்க.”

முதலாளி முத்துசாமியைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அவர் தலை மறைந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளியோ என் மேல் பாய்ந்தார். “பொழுதெறங்கற நேரத்துல எவனாச்சும் வாயத் தொறந்து போறேம்பானா அம்மிணி? இதுகூடத் தெரியாத மிஷின எப்படிங்க நம்பறது?”

லீவு, பர்மிஷன் எதுவும் கேட்காமல் எல்லாக் கம்பெனியிலும் முழு நேரமும் வேலை பார்ப்பது சந்தேகம் ஒன்றுதான்.