அவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரின் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். பேமானி. சென்னைத் தெருவில் ஒருவனை அயோக்கியன் என்று ஏச வேண்டுமென்றால் சொல்கிற சொல். காப்பி வேண்டுமா என்று கேட்டால் பேமானி. ஃபேனைக் குறைக்கட்டுமா என்றால் பேமானி. மகள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, முகமெல்லாம் மலர்ந்து, பேமானி.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கோபம் வந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான் அவருடைய கோபம். அரசாங்கத்தில் கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நடக்கிற இடங்களில் அந்தச் சொல்லைக் காதால் கேட்டிருப்பார். அவர் வாயால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் மாமி சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தாள். அவர் இடது கையை நெஞ்சில் வைத்து, தலையைத் தாழ்த்தி, அந்த வார்த்தையைச் சொன்னார். வாங்கோ என்று அர்த்தம். குரலைக் கேட்டாலே தெரியும். மாமி என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், "தெனம் சந்தியாவந்தனம் பண்ணின வாய். எல்லாம் போனாலும் ராமான்னு ஒண்ணு நிக்கப்படாதோ? இதுவா நிக்கணும்?" என்றாள். சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

அவருடைய அண்ணா அதற்கும் ஒரு படி மேலே போனார். ஹாலில், தம்பி எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் அடங்கினப்புறம் எது வெளில வரதோ அதுதாம்மா மனுஷனோட நெஜம். இத்தனை நாள் அடிமனசுல வெச்சிண்டிருந்திருக்கான்" என்றார்.

எங்கள் மனிதர்களுக்கு இது ஒரு வியாதி. கடைசியில் நாக்கில் என்ன நிற்கிறது என்று பார்த்து ஆளை எடை போடுவார்கள். சாகும்போது பகவான் பேர் வந்தால் புண்ணியாத்மா, வராவிட்டால் வாழ்ந்த வாழ்க்கையே சந்தேகம். இரண்டு தலைமுறைக்குச் சாப்பாடு போட்டவர், ஒரு செங்கல்லுக்குக் கூட லஞ்சம் வாங்காதவர், ஒரு வார்த்தையில் பொய்யராகிப் போனார். இதைச் சொன்னது கூடப் பிறந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராயப்பேட்டைப் பக்கம் நரம்பு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர் அம்மாளிடம் போய்க்கொண்டிருந்தோம். வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் ஸ்கேன் படத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

"இடது பக்கம் இந்த இடம்தான் வலது கையையும் காலையும் ஆட்டுறது. அதை ஒட்டினாப்புல இது, வார்த்தையைத் தேடிக் கோத்து வாய்க்கு அனுப்புற இடம். ரெண்டுக்கும் ஒரே குழாய்ல ரத்தம் போகுது. அது அடைச்சதும் ரெண்டும் சேர்ந்து போச்சு" என்றார். "கேக்கறதைப் புரிஞ்சுக்கிற இடம் பின்னால இருக்கு, அது நல்லாவே இருக்கு. யோசிக்கிறதும் பெரும்பாலும் தப்பிச்சிருக்கு."

"அப்போ இந்த வார்த்தை மட்டும்?"

"திட்டு, எண்ணிக்கை, மனப்பாடமான பாட்டு, இதெல்லாம் கோத்து வர்ற பேச்சு இல்லம்மா. மூளைல வலது பக்கத்துலயும் அடியிலயும் மொத்தையா கிடக்கிற சரக்கு. சிலருக்கு சாமி பேர் வரும், சிலருக்கு ஒண்ணு ரெண்டு மூணு வரும். இவருக்கு இது. இதுல குணமும் இல்ல, பாவமும் இல்ல. தும்மல்னு நினைச்சுக்குங்க. அவரே வேணும்னு நினைச்சுச் சொல்லப் பார்த்தா இதுவும் வராது."

அழுகையைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்கும் தளர்ந்திருக்கிறது, சும்மாவே அழுவார் என்றும் சொன்னார். அங்கே எனக்கு அந்த நல்ல டாக்டர் மேலேயும் கோபம் வந்தது. சும்மாவா? அவருக்கு அழக் காரணமா இல்லை?

கேட்டதையெல்லாம் அண்ணாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். வந்து போகிறவர்கள் எல்லாரும் என் கணவரிடம் கத்திப் பேச ஆரம்பித்திருந்தார்கள். காது என்ன பாவம் செய்தது? அதைவிட மோசம், அவர் இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசியது. "சாப்பிடறாரா? தூங்கறாரா? பாத்ரூம்?" அவர் கண் ஒவ்வொரு முகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

வெளியிலும் அதே கதைதான். பேச்சுப் பயிற்சிக்கு அடையாறு போக ஆட்டோ பிடித்தோம். ஏறி உட்கார்ந்ததும் போகலாம் என்பதை அவர் தன் பாஷையில் சொல்லிவிட்டார். டிரைவர் திரும்பி, "இன்னா நைனா, பெரிய மனுசனாட்டம் கீற, வாய் இப்டி நாறுது?" என்றார். நான் விஷயத்தை விளக்கினேன். "அப்ப ஊட்லயே வெச்சிக்கினு இருக்க வேண்டிதுதானேம்மா" என்று நடுவழியில் இறக்கிவிட்டுப் போனார். வெயிலில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றோம். வீட்டிலேயே வைத்துக்கொள் என்பதில் மட்டும் ஊருக்குள் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்.

இந்த நிலையில்தான் மகளின் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் கல்யாணங்களில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். அதற்காகவே பெண்ணைப் பெற்றவர்கள் காத்திருப்பார்கள். அண்ணா யாரையும் கேட்கவில்லை. பத்திரிகை விஷயமாக வந்தவர், "மடில நான் உக்காத்தி வெச்சுக்கறேன். அவனுக்குக் கால் தாங்காது. வாயும் சும்மா இருக்காது, திடீர்னு அழுவான். நடக்கறது என்னன்னே புரியப் போறதில்ல" என்று முடிவாகச் சொன்னார்.

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். அச்சகம் அனுப்பிய பத்திரிகையின் மாதிரிப் பிரதி அவர் முன்னால் மேஜையில் கிடந்தது. நாங்கள் எல்லோரும் படித்துச் சரி சொன்னது. அவர் இடது கையால் அதைத் தன் பக்கம் இழுத்து ஓர் இடத்தில் விரலை வைத்துத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். மகள் குனிந்து பார்த்தாள். தேதி சரி, கிழமை தப்பு. வெள்ளி என்று இருக்க வேண்டியது வியாழன் என்று அச்சாகியிருந்தது. "பேமானி" என்றார், பரீட்சையில் பாஸானவர் போல.

"பெரியப்பா, புரியலேன்னேளே?" என்றாள் மகள்.

"கை பட்டிருக்கும்" என்றார் அண்ணா.

அன்றைக்கே மகள் தீர்மானித்துவிட்டாள். அப்பா மடியில்தான் உட்காருவேன், இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் கேட்டு, சாயங்காலங்களில் வீட்டிலேயே பழகினார்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி. பாரம் முழுக்க இடது தொடையில். வலது பக்கம் நான் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கல்யாண வயதில் ஒரு பெண் அப்பா மடியில் ஏறி இறங்கி ஒத்திகை பார்க்கிறாள், அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். சாஸ்திரிகளையும் கேட்டுவிட்டோம். "மந்திரத்தை நான் சொல்றேன், அவர் மனசால சொன்னாப் போறும்" என்றார். அண்ணா பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

கல்யாணம் தி. நகரில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால், பெண் வீட்டார் அறையில் அவருக்குப் பஞ்சகச்சம் கட்டி உட்கார வைத்திருந்தேன். அண்ணா கையில் வெள்ளி டம்ளரோடு வந்து கதவைச் சாத்தினார்.

"பால் குடுத்துடு. அரை மாத்திரை கரைச்சிருக்கேன். தூக்க மாத்திரைதான், ஒண்ணும் பண்ணாது. ஒரு ஓரமா தூங்கட்டும், பாவம். மாப்பிள்ளையாத்துக்காரா முன்னாடி மானம் போறதுக்கு இது தேவலை. பெரியப்பா மடியும் அப்பா மடியும் ஒண்ணுதாம்மா."

இத்தனையும் தம்பி காதில் விழ, குரலைக்கூடத் தாழ்த்தாமல். என் கணவர் டம்ளரைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வார்த்தைக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்ததில்லை. ஆனால் அவர் வேண்டுமென்று தேடினார், அதனால் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

நான் டம்ளரை வாங்கி வாஷ்பேசினில் கவிழ்த்தேன். திரும்பி அண்ணாவின் முகத்தைப் பார்த்து, நிதானமாக, "பேமானி" என்றேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. அண்ணா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மகள் அரக்குக் கூறைப்புடவையில் அப்பாவின் இடது தொடைமேல் உட்கார்ந்தாள். அவர் இடது கை அவள் இடுப்பைச் சுற்றி இறுகியது. கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. அவர் அழுதார், எந்தப் பெண்ணைப் பெற்றவரும் அழுகிற மாதிரிதான் அழுதார். யாருடைய மானமும் போகவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணா ஒவ்வொரு இலையாகப் போய், "அவளுக்கும் மண்டைல ஏதோ ஆயிடுத்து, பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மூளையில் எந்தக் குழாயும் அடைக்கவில்லை. வேறு ஆயிரம் வார்த்தைகள் இருக்க, யோசித்து, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் அதைச் சொன்னேன்.