ஐந்து ஒன்பது ஒன்பது

போன வாரம் கரியாலூரில் ஒரு விடுதியில் தங்கினேன். குளியலறையில் மூத்திர வாடை. தலையணை உறையில் யாருடையதோ முடி. காலையில் வந்த சாம்பார் புளித்திருந்தது. கிளம்பும்போது மேலாளர் என் கைப்பேசியைக் காட்டி, "அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க சார்" என்றார். முடியைப் பற்றிச் சொன்னேன். "எல்லாரும் அஞ்சுதான் சார் போடறாங்க." அருவருப்பில் சாம்பார் மறுபடி தொண்டைக்கு வந்தது.

இந்த 'எல்லாரும்' எனக்குப் பழைய எதிரி. ஹாம் ரேடியோ மோர்ஸ் போட்டிகளில் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். உங்களுக்குப் பழக்கமில்லாத உலகம், சுருக்கமாகச் சொல்கிறேன். பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்திருப்பவர்கள் புள்ளியும் கோடுமான ஒலியில் பேசிக்கொள்வது; போட்டியில் அதிகம் பேரைப் பிடித்தவனுக்குப் பரிசு. இரண்டு பேர் தொடர்புகொண்டால், உன் சிக்னல் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று எண்ணால் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்து, வலுவுக்கு ஒன்பது, தொனிக்கு ஒன்பது. 599 என்றால் குறையே இல்லை. போட்டியில் எவனும் காதால் கேட்டு எண் போடுவதில்லை. கம்ப்யூட்டரே 599 என்று நிரப்பி வைத்திருக்கும். ஈனக்குரலில் வந்தாலும் 599, இடிபோல வந்தாலும் 599.

என் கூட்டாளி பஷீர் பாய்க்கு இது ஆகாது. கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை வைத்திருந்தார். "இது ஒங்க காலுக்கு சேராதுங்க, வாங்காதீங்க" என்று வாடிக்கையாளரையே திருப்பி அனுப்புகிற மனிதர். கடை எப்படி ஓடியது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதுவரை நாங்கள் வாங்கியதெல்லாம் பங்கேற்புச் சான்றிதழ்தான். ஒருமுறையாவது பரிசு வாங்கிவிடுவது என்று இதே கரியாலூருக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனோம். மலையிலிருந்து அடித்தால் தூரம் போகும் என்று நம்பிக்கை. இரண்டு கடுக்காய் மரங்களுக்கு நடுவே ஆன்டெனாக் கம்பியைக் கட்டினோம். போட்டி தொடங்கியதும் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பாய் உள்ளது உள்ளபடி 339 என்று அடித்தார். எதிர்முனைக்காரன் தன் காதை நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டான். நேரம் ஓடியது.

"எல்லாருக்கும் 599 போட்டுட்டுப் போய்க்கினே இருங்க பாய்!" என்றேன்.

"கேக்காதத கேக்குதுன்னு இன்னாத்துக்கு அடிக்கறது? கை கூசாது?"

எங்களுக்கு வந்ததெல்லாம் 599. அந்தத் தெம்பில்தான் நான் குதித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கம் பழுதில்லை, வானம்தான் சரியில்லை என்று பாயையும் அடக்கிவிட்டேன். பெரிய நிபுணன் அல்லவா! சாயங்காலம் போட்டி முடிந்து கம்பியை இறக்கினால், கேபிள் சேருமிடத்தில் ஈயப்பற்று விட்டுப்போய்த் தொங்குகிறது. காலையிலிருந்தே எங்கள் சிக்னல் செத்துக் கிடந்திருக்கிறது. பரிசும் போயிற்று.

பாய் அந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'ஒன் சிக்னல் நல்லா இல்லடா'ன்னு சொல்லியிருந்தா அப்பவே ஏறிப் பாத்திருப்போம்ல? த்தூ!"

காறித் துப்பினார். நலம் விசாரிப்பதுபோல் வந்து பிணத்தைப் பார்த்து 'நல்லா இருக்கீங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் அத்தனை பேரும்.

அதன்பின் பல வருடம் என் சிக்னலுக்குப் பாய்தான் உரைகல். "கொரகொரன்னு கீது சார், அசிங்கமா கீது" என்பார். திட்டிக்கொண்டே சரிசெய்வேன். பிறகு கடையை மூடி, ரேடியோவை விற்று, மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்.

போன மாதம் புதிதாக ஓர் ஆன்டெனா கட்டினேன். வெளியூர் நண்பர் ஒருவர் என் சிக்னலைப் பதிவுசெய்து தந்தார். கேட்டுச் சொல்லுங்கள் பாய், உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை என்று எழுதி வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பினேன். முழுக்கக் கேட்கவே கால்மணி நேரம் ஆகும்.

அனுப்பிய கையோடு பதில் வந்தது: ஒரு கட்டைவிரல், ஒரு பூங்கொத்து, 'சூப்பர் சார்'.