நெல் எடை போடும் வரை

கும்பகோணத்திலிருந்து பேருந்தில் வரும்போது, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துப் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்த நெல். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "என்ன வாசனைங்க!" என்றார். நான் ஜன்னலைச் சாத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். தஞ்சாவூர்க்காரியாகப் பிறந்து நெல் வாசனை பிடிக்காதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

நீங்களாவது காரணத்தைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது. வயல்களுக்கு நடுவே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சீருடைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, உலகத்தையே திருத்தப் போகிறவள் மாதிரி நடப்பேன். மதியத்துக்குள் கஞ்சி வியர்வையில் இளகிவிடும். என் விறைப்பு மட்டும் இளகாது.

குறுவை அறுவடை சமயம். ஒரு நாள் காலையில் மலர்க்கொடி என்ற பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. அப்படிப்பட்ட குழந்தைக்கு உடனே தாய்ப்பாலும் தாயின் உடம்புச் சூடும் வேண்டும். நான் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுப் பெரியவரு வந்து சேனை வைக்கணும். அப்புறந்தான் பாலு."

குழந்தையின் வாயில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறாரோ, அவருடைய குணம் அதற்கு ஒட்டிக்கொள்ளுமாம். அதுதான் சேனை. பெரியவர் என்பது மலர்க்கொடியின் மாமனாருக்கு அண்ணன். கைராசிக்காரர் என்று சேனை வைக்க ஊரே அவரைத்தான் கூப்பிடும்.

"எப்ப வருவாரு?"

"நெல்லு எடை போட்டதும் வந்துடுவாருங்க. ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல நிறுத்தி வச்சிருக்காங்களாம்."

நெல் காய வேண்டும், எடை ஏற வேண்டும், அதுவரை பச்சைப்பிள்ளை பட்டினி கிடக்க வேண்டும்! கத்தினேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊர் வழக்கம்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். படித்த படிப்பை எந்த வாய்க்காலில் விட்டாரோ.

"அக்கா, நான் குடுத்துடட்டுமா?" என்று மலர்க்கொடி என்னிடம் கெஞ்சினாள்.

"சும்மா கெடடி" என்று ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. நானே போய்க் குழந்தையை வாங்கப் பார்த்தேன். மாமனார் குறுக்கே வந்து நின்றார். "வேலையப் பாத்துட்டுப் போம்மா."

குழந்தை அழுதது. மதியத்துக்கு மேல் அழுகை நின்றுவிட்டது. "பாரு, என்ன சமத்து!" என்று மாமியார் மெச்சிக்கொண்டாள். சமத்து இல்லை, துவண்டுபோய்விட்டது என்று நான் அலறியது அங்கே யார் காதிலும் ஏறவில்லை.

பொழுது சாயும்போது பெரியவர் வந்தார். சட்டையெல்லாம் நெல் தூசி, அறை முழுக்க அந்த வாசனை. சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் உதட்டில் வைத்தார். உதடு அசையவில்லை. அதற்கப்புறம்தான் டாக்டர் ஓடி வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது. தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நமக்குக் குடுத்து வைக்கல" என்றார் பெரியவர். நெல்லெல்லாம் நல்லபடியாக எடை ஏறியிருந்தது.

இப்போது பிறந்த உடனே குழந்தையைத் தாயின் நெஞ்சில் போடுகிறோம். உறவுக்காரர்கள் கதவுக்கு வெளியே. "சேனைன்னா என்னங்க மேடம்?" என்று கேட்கிற இளம் நர்ஸுகள் வந்துவிட்டார்கள். ஒழிந்தது சனியன் என்று எனக்குச் சந்தோஷம்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தலில் பெரியவரைப் பார்த்தேன். முன்வரிசையில் மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். காது மந்தம். என்னை அடையாளம் தெரியவில்லை. "இந்த ஊர்ல பாதிப் புள்ளைங்களுக்கு நாந்தாம்மா சேனை வச்சேன். இப்ப யாரு கூப்புடுறா? எல்லாம் போச்சு" என்று அங்கலாய்த்தார்.

"ஒரு பொண்ணு காலையிலேருந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டுக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா?"

அவர் காதை என் பக்கம் சாய்த்தார். "யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

"உங்க தம்பி பேத்திங்க" என்றேன், பந்தலே திரும்பிப் பார்க்கும்படி.